‘சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க!’: மழலையர் வகுப்பில் பாவனை விளையாட்டு மூலை

நான் அமைத்த முதல் பாவனை விளையாட்டு மூலையில் ஒரு குழந்தைகூட விளையாடவில்லை.

அது ஒரு சூப்பர் மார்க்கெட். தெர்மாகோலை வெட்டி, வண்ணத்தாள் ஒட்டி, மேலே பெயர்ப்பலகை வைத்து, காலி பிஸ்கட் பாக்கெட்டுகளையும் சோப்பு அட்டைகளையும் வரிசையாக அடுக்கியிருந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். குழந்தைகள் மட்டும் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார்கள். ஒரு சிறுமி அருகில் வந்து, “டீச்சர், இதத் தொடலாமா?” என்று கேட்டாள். “தொடலாம். ஆனா கலைக்கக் கூடாது” என்றேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதே வாரம் ஒரு நாள், மதிய உணவு முடிந்த நேரம். மேசைக்கு அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிறுவன் முன்னால் ஓர் உடைந்த சிலேட்டு. சிறுமி கையில் ஒரு துணிப்பை.

“பாட்டி, கை வைங்க. இந்த விரல் வேணாம், அந்த விரல் வைங்க… சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க!”

“நேத்தும் இதத்தான சொன்ன? அரிசி இருக்கா, இல்லையா?”

ரேஷன் கடை! எங்கள் ஊரில் சூப்பர் மார்க்கெட் கிடையாது. ஆனால் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகாத குழந்தை என் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே தெர்மாகோல் கடையைப் பிரித்தேன். மறுநாள் அந்த இடத்தில் ஒரு மேசை, உடைந்த சிலேட்டு, ஒரு தராசு, சில பைகள் மட்டும் வைத்தேன். காலை இடைவேளைக்குள் வரிசை கதவு வரை நின்றது.

மூலை என்பது நாம் அலங்கரித்துக் காட்டும் இடமன்று. குழந்தை தனக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து வைக்கும் இடம். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பழைய விளையாட்டு, புதிய பெயர்

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, ஆசிரியர்கள் பலர் முதன்முறையாக மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் முன்னால் போய் நின்றோம். நான் பி.எட். படித்தது பெரிய வகுப்புகளுக்குப் பாடம் நடத்த. சுவர் ஓரத்தில் புடவையைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து டீ ஆற்றும் குழந்தையிடம் என்ன பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உண்மையில் இது நமக்குப் புதியதன்று. மணலில் சிறுவீடு கட்டி விளையாடுவதைச் சங்க இலக்கியம் ‘சிற்றில்’ என்கிறது. கலித்தொகையின் 51ஆம் பாடலில் தலைவி சிறுவயதில் தான் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்த பையனை நினைவுகூர்கிறாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் பருவம். மரப்பாச்சியும் சொப்புச் சாமானும் நம் வீடுகளில் நேற்றுவரை இருந்தவை. ‘அப்பா அம்மா விளையாட்டு’ விளையாடாமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்?

இந்த விளையாட்டில் என்ன நடக்கிறது என்பதை உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) 1933இல் ஆற்றிய ஓர் உரையில் விளக்கினார். குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும்போது, ‘குதிரை’ என்னும் பொருளைக் குதிரையிலிருந்து பிரித்து, குச்சியின் மேல் ஏற்றுகிறது. சற்று யோசித்தால், எழுத்து கற்பதும் இதே வேலைதான். மூன்று கோடுகளும் ஒரு வளைவும் ஓர் ஒலியைக் குறிக்கும் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். சிலேட்டைக் கைரேகை இயந்திரமாக ஏற்றுக்கொண்ட குழந்தை அந்தப் பாதையில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது, விதி. கண்டக்டராக இருப்பவன் நினைத்தபோது ஓட முடியாது. பேருந்து நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ 1940களில் சிறு குழந்தைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். வெறுமனே நிற்கச் சொன்னபோது நின்றதைவிட, காவலாளியாக நடிக்கச் சொன்னபோது அவர்கள் அதிக நேரம் நின்றார்கள். என் வகுப்பில் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத ஒரு சிறுவன், ரேஷன் கடை வரிசையில் தன் முறைக்காகக் காத்து நின்றதைப் பார்த்தபோது இது எனக்குப் புரிந்தது.

மூலையை அமைப்பது எப்படி?

ஒரு நேரத்தில் ஒரு கருப்பொருள் போதும். அது குழந்தைகள் நேரில் கண்ட இடமாக இருக்கட்டும். காணாத இடமென்றால் முதலில் அழைத்துச் சென்று காட்டலாம். பள்ளிக்கு அருகிலிருந்த டீக்கடைக்கு ஒரு நாள் போய்ப் பத்து நிமிடம் நின்று பார்த்தோம். அதன் பிறகு வந்த விளையாட்டில் டீ ஆற்றும் உயரமே மாறிப்போனது!

ஆறடிக்கு ஆறடி இடம் போதும். சுவர் மூலை என்றால் இரண்டு பக்கம் தானாகவே அடைபட்டுவிடும். மூன்றாவது பக்கத்தில் ஒரு பழைய புடவையைக் கட்டலாம். நான்கைந்து குழந்தைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். வாசலில் ஐந்து ஆணி அடித்து ஐந்து அட்டைகளை மாட்டியிருக்கிறேன். அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் உள்ளே போகலாம். அட்டை இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். இதற்காக நான் சத்தம் போட வேண்டிய தேவையே வருவதில்லை.

நேரம்தான் முக்கியம். பத்து நிமிடம் கொடுத்தால், யார் டிரைவர் என்று முடிவு செய்வதற்குள் மணி அடித்துவிடும். குறைந்தது நாற்பது நிமிடம் வேண்டும். ஒரு கருப்பொருளை இரண்டு, மூன்று வாரங்கள் கலைக்காமல் விட்டுவைக்கிறேன். முதல் நாள் பொருள்களோடு விளையாடுவார்கள். ஆட்களாக மாறுவதற்கு மூன்று, நான்கு நாள் ஆகும்.

என் வகுப்பில் நன்றாக நடந்த சில மூலைகள்:

• ரேஷன் கடை: தராசு, மணல் நிரப்பித் தைத்த சிறு பைகள், உடைந்த சிலேட்டு, அட்டையில் வெட்டிய குடும்ப அட்டை, ‘இன்று இருப்பு’ எழுதும் பலகை.
• பேருந்து: இரண்டு வரிசை நாற்காலி, ஸ்டீயரிங்குக்கு ஒரு தட்டு, தோள்பை, பழைய நாள்காட்டித் தாளில் வெட்டிய டிக்கெட் கட்டு.
• சுகாதார நிலையம்: பாய், தலையணை, துணிக் கட்டு, ஓ.பி. சீட்டு, வெள்ளைச் சட்டை.
• பூக்கடை: நூல், காகிதப் பூ, கூடை, வாழை இலைத் துண்டுகள்.
• ஹோட்டல்: தட்டு, டம்ளர், மேசை துடைக்கும் துணி, விலைப்பட்டியல், தோசைக்கல்லாக ஒரு வட்ட அட்டை.

இவற்றில் காசு கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. ஏழாம் வகுப்பு மாணவர்கள் கலை வகுப்பில் குடும்ப அட்டைகளையும் டிக்கெட்டுகளையும் செய்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்து வைக்காதீர்கள். சில பொருள்கள் எதுவாகவும் மாறக்கூடியவையாக இருக்கட்டும். கட்டைகள், துணிகள், தேங்காய்ச் சிரட்டைகள் எந்த மூலைக்கும் உதவும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உண்மையான ஊசி, சிரிஞ்சு, மாத்திரை அட்டை வேண்டவே வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கக்கூடிய நாணயம், கொட்டை, பட்டன் பேட்டரி கூடாது. தலையில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையும் நீண்ட கயிறும் கூடாது. துணிகளை வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும்.

ஆசிரியர் உள்ளே போகலாமா?

போகலாம். ஆனால் ஆசிரியராகப் போகக் கூடாது. காய்கறிக் கடை நடந்த நாள்களில் நான் உள்ளே நுழைந்து, “தக்காளி என்ன நிறம்? எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லு” என்றேன். கடைக்காரச் சிறுவன் தராசைக் கீழே வைத்தான். கையைக் கட்டிக்கொண்டு, “சிவப்பு” என்றான். கடை அத்தோடு மூடப்பட்டது. என் கேள்வி அவனைக் கடைக்காரரிலிருந்து மாணவனாக்கிவிட்டது.

அடுத்த வாரம் பையோடு போய் நின்றேன். “அண்ணே, நேத்து வாங்கின தக்காளி பூரா அழுகிப்போச்சே!” என்றேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு, “அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? மழ பேஞ்சிருக்குல்ல. அங்கருந்தே அப்படித்தான் வருது. வேணும்னா ரெண்டு சேத்துப் போடுறேன்” என்றான். காரணம், விளைவு, சமாதானம், பேரம் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. வாக்கியம் அமைக்கத் தெரியாத குழந்தை என்று அவனைப் பற்றி நான் பதிவேட்டில் எழுதியிருந்தேன்.

இப்போது என் வழக்கம் இதுதான்: வாடிக்கையாளராக, நோயாளியாக, பயணியாக உள்ளே போகிறேன். ஒரு சிக்கலைக் கொண்டுபோகிறேன். இரண்டு, மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறேன். பிறகு தள்ளி உட்கார்ந்து, கேட்டதை எழுதிக்கொள்கிறேன்.

கணக்கும் எழுத்தும் தானாக வருமிடம்

பூக்கடையில் ஒரு நாள் பெரிய சண்டை. கடைக்காரச் சிறுமி தன் முழங்கையில் அளந்து இரண்டு முழம் கொடுத்தாள். வாங்க வந்தவள் ஒப்புக்கொள்ளவில்லை. “உன் கை சின்னது. அவன் கையில அளந்து குடு!” என்று வகுப்பிலேயே உயரமான சிறுவனைக் காட்டினாள். ஆளுக்கு ஆள் முழம் மாறும். அதனால் எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும். மூன்றாம் வகுப்பில் நான் கரும்பலகையில் விளக்கிய பாடம் அது. இங்கே நான்கரை வயதில் சண்டையாக வந்தது. நான் ஒரு குச்சியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

பேருந்தில் இன்னொன்று. கண்டக்டராக இருந்த சிறுமி பெண்களுக்கெல்லாம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சிறுவர்களிடம் மட்டும் காசு கேட்டாள். “எனக்கும் சும்மா குடு” என்றான் ஒருவன். “பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. ஆம்பளைங்க காசு குடுக்கணும்” என்றாள். நகரப் பேருந்துகளில் 2021 முதல் நடைமுறையில் இருக்கும் மகளிர் கட்டணமில்லாப் பயணம் அவளுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது! யாருக்கு, யாருக்கு இல்லை என்று வகைப்படுத்துவதும் கணக்குதான்.

ரேஷன் கடைப் பலகையில் ஒரு சிறுவன் நெளிநெளியாக இரண்டு வரி எழுதினான். “என்ன எழுதியிருக்கு?” என்றேன். “அரிசி இருக்கு. பருப்பு இல்ல” என்று விரலை இடமிருந்து வலமாக நகர்த்திப் படித்தான். ஓர் எழுத்துகூட அதில் சரியில்லை. ஆனால் எழுத்து செய்தி சொல்லும், வரியாகப் போகும், பிறகு வந்தும் படிக்கலாம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. “விளையாடிக்கிட்டே இருக்காங்களே டீச்சர், எழுத்து எப்ப சொல்லிக் குடுப்பீங்க?” என்று கேட்ட அவன் அப்பாவிடம் அந்தப் பலகையைத்தான் காட்டினேன். மகன் அவருக்கும் படித்துக் காட்டினான்.

உலகம் அப்படியே உள்ளே வரும்

குழந்தைகள் தாம் கண்ட உலகத்தைக் கொண்டுவருகிறார்கள் என்றால், அதிலுள்ள கோணல்களையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். “பொம்பளப் புள்ள டிரைவர் ஆக முடியாது” என்றான் ஒருவன். அறிவுரை சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டும் படத்தைப் பேருந்து மூலையில் ஒட்டினேன். அவர் 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தவர். மறுநாள் தட்டைப் பிடிக்க இரண்டு சிறுமிகள் போட்டி போட்டார்கள். சமையல் பக்கம் வராத சிறுவர்கள், ஹோட்டல் வைத்ததும் பரோட்டா மாஸ்டர்களாக வந்து நின்றார்கள்.

ஆனால் எல்லாம் இப்படி எளிதாக முடிவதில்லை. ‘வீடு’ மூலையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒருவன் அப்பா. தள்ளாடியபடி வந்தான். தட்டைத் தூக்கி எறிந்தான். அம்மாவாக இருந்த சிறுமி பொம்மையை எடுத்துக்கொண்டு புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். “சத்தம் போடாத பாப்பா. அப்பா தூங்கட்டும்” என்று அதன் வாயைப் பொத்தினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் படபடப்பு. கையைத் தட்டி, “இப்படியெல்லாம் விளையாடக் கூடாது. எல்லாரும் வெளியே வாங்க” என்றேன். மூலையை அன்றைக்கு மூடிவிட்டேன்.

அந்தச் சிறுமி அதன் பிறகு இரண்டு வாரம் வீடு மூலைப் பக்கமே போகவில்லை. தனியாக உட்கார்ந்து மணி கோத்தாள். யாரிடமும் அதிகம் பேசவில்லை. அவள் சொல்ல வந்த ஒரே இடத்தை நான் அடைத்துவிட்டேன் என்பது மெல்லத்தான் உறைத்தது. எங்கள் அங்கன்வாடிப் பணியாளர் அந்த ஊர்க்காரர். “டீச்சர், அந்தப் புள்ள விளையாட்டுக்குப் பண்ணல” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாரம் பொம்மையை அவள் கண்ணில் படும்படி வைத்தேன். அவள் எடுத்தாள். பழைய விளையாட்டே திரும்ப வந்தது. இந்த முறை நான் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்காவாகப் புடவையைத் தட்டி, “பாப்பா அழுற சத்தம் கேட்டுச்சே. எங்க வீட்டுக்கு வர்றீங்களா?” என்றேன். அவள் பொம்மையோடு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். அதைத் தூங்க வைத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் அந்த மூலைக்குப் போனாள். பிறகு தலைமையாசிரியரிடம் சொல்லி, அவள் அம்மாவைத் தனியாகச் சந்தித்துப் பேசினோம். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

இதிலிருந்து எனக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டேன். யாருக்கும் அடிபடாதவரை விளையாட்டை நிறுத்துவதில்லை. “உங்க வீட்டுல இப்படித்தானா?” என்று கேட்பதில்லை. பார்த்ததைத் தேதியிட்டு எழுதிவைக்கிறேன். ஒரு விளையாட்டை வைத்து ஒரு குடும்பத்தைப் பற்றி முடிவுக்கு வருவதில்லை. தொலைக்காட்சியில் பார்த்ததாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தாலோ, குழந்தையின் உடலிலும் பழக்கத்திலும் மாற்றம் தெரிந்தாலோ, தலைமையாசிரியரிடம் சொல்கிறேன். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 இருக்கிறது, யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இன்னொன்று: மூலையில் நடப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதை விட்டுவிட்டேன். அது குழந்தை நம்மை நம்பி விளையாடும் இடம்.

பெரிய வகுப்புகளுக்கு

இது மழலையர் வகுப்போடு முடிவதில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் அதே ரேஷன் கடையில் உண்மையான விலைப்பட்டியலும் பில் புத்தகமும் சேர்ந்தால் கூட்டல், கழித்தலுக்குத் தேவை பிறக்கும். ஆறாம் வகுப்பில் அஞ்சலகம், கிராம சபை, வங்கி என்று நடித்துப் பார்த்தால் கடிதமும் படிவமும் எழுத ஒரு காரணம் கிடைக்கும். விதி ஒன்றுதான்: மாணவர் அந்த இடத்தின் ஆளாகப் பேசட்டும். நாம் கேள்வி கேட்டு அவரை மீண்டும் மாணவராக்கிவிட வேண்டாம்.

தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமையை இதற்குச் செலவிட வேண்டாம். திங்கள் காலை ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு பழைய புடவையும் கொண்டுபோங்கள். குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, “நேத்து எங்க போனீங்க?” என்று கேளுங்கள். சந்தை, கோயில் கொடை, ஆஸ்பத்திரி, அத்தை வீடு என்று பதில்கள் வரும். எந்தப் பதிலுக்கு அதிகம் பேர் எழுந்து நின்று பேசுகிறார்களோ, அதுதான் உங்கள் முதல் மூலை.